ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் எப்படி வரும்? தமிழ்ப் பேர் வச்ச ஃபைல்களை லினக்ஸுக்கு மாத்தும்போது என்ன நடக்குது?

நீங்க கேட்டதை முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. அப்பா சேர்த்து வச்ச பழைய சிறுபத்திரிகை, தல வரலாறு, கல்வெட்டுக் குறிப்பு எல்லாத்தையும் விண்டோஸ் லேப்டாப்ல ஸ்கேன் பண்ணி தமிழ்லயே பேர் வச்சிருக்கீங்க. அதுல ஒரு பகுதியை அப்பவே வீட்டு உபுண்டு லினக்ஸ் மெஷினுக்குக் காப்பி பண்ணிட்டீங்க, மொத்தமும் ஒரு பழைய மேக்குக்கும் போயிருக்கு. இப்ப மேக்ல இருந்து ஆர்சிங்க்ங்கற காப்பி ப்ரோக்ராம் போட்டு எல்லாத்தையும் உபுண்டுக்குக் கொண்டு வந்தப்போ மூணு தொல்லை. ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் தெரியுது, சிலது "ஃபைல் நேம் டூ லாங்"னு வராமலே நின்னுடுச்சு, சொந்தக்காரர் ஒருத்தர் ஜிப்பா அனுப்பினதுல பேரெல்லாம் கேள்விக்குறியா இருக்கு. ரெட்டையா இருக்கறதுல ஒண்ணை ஆர்எம் (அழிக்கற கமாண்ட்) அடிச்சுடலாமா, பேசாம எல்லாப் பேரையும் ஆங்கிலத்துக்கு மாத்திடலாமான்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டுக்கும் பதில் வேண்டாம்தான். ஆனா ஏன் வேண்டாம்னு தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவை நீங்களே சரி பண்ணிக்குவீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நான் சர்வர் வேலைல பல வருஷமா இருக்கேன், தமிழ்ப் பேர் வச்ச ஃபைல்களோட மல்லுக்கட்டுறது அந்த வேலைல ஒரு பகுதியாவே ஆயிடுச்சு. கமாண்டையெல்லாம் ஃபோன்ல வாசிச்சுக் காட்டுற மாதிரி தமிழ் எழுத்துல எழுதுறேன், நீங்க ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க, பெரிய எழுத்து வேணும்கற இடத்துல சொல்லிடறேன்.

அடிப்படை ஒண்ணுதான். லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது அந்த சிஸ்டத்தோட உள்கருவுக்கு, ஃபைல் பேர்ங்கறது எழுத்தே கிடையாது, வெறும் பைட் வரிசை. அதுல ரெண்டே ரெண்டு பைட்டுக்குத்தான் தடை, ஒண்ணு டைரக்டரியைப் பிரிக்கற சாய்கோடு, இன்னொண்ணு மதிப்பு பூஜ்யமா இருக்கற பைட். மத்த எதையும் அது கேள்வி கேட்காம வாங்கி வச்சுக்கும். இது தமிழா சீனமா, எழுத்துப்பிழை இருக்கா, ரெண்டு பேர் பார்க்க ஒண்ணு போல இருக்கா, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. 1992ல கென் தாம்ஸனும் ராப் பைக்கும் எழுத்தை பைட்டா எழுதற யூடிஎஃப்-8 முறையை வடிவமைச்சப்போ, ஆங்கிலம் அல்லாத எழுத்துக்கான பைட்டுகளுக்கு நடுவுல சாய்கோடோ பூஜ்யமோ தப்பித் தவறி வந்துடாத மாதிரி பார்த்துக்கிட்டாங்க. அதனாலதான் தமிழைப் பத்தி ஒண்ணுமே தெரியாத பழைய யூனிக்ஸ் கமாண்டுகளும் இன்னிக்கு தமிழ்ப் பேரை உடைக்காம தூக்கிட்டுப் போகுது, எனக்கு இது இப்பவும் பிரமிப்பா இருக்கற ஒரு டிசைன். ஆனா அதே காரணத்தால கண்ணுக்கு ஒண்ணா தெரியற ரெண்டு பேர் பைட்ல வேறயா இருந்தா லினக்ஸுக்கு அது ரெண்டு ஃபைல்தான்.

உங்க ரெட்டை ஃபைல் அங்கதான் வருது. எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு கொடுக்கற யூனிகோட் தரத்துல "கோ"ங்கற எழுத்தை ரெண்டு விதமா எழுதலாம். ஒரு விதத்துல க, அப்புறம் ஓகாரக் குறி மொத்தமா ஒரே குறியீடு. இன்னொரு விதத்துல க, அப்புறம் இரட்டைக்கொம்பு தனியா, கால் தனியா. திரைல துளி வித்தியாசம் இருக்காது, யூனிகோட் தரமும் ரெண்டும் சமம்னுதான் சொல்லுது. ஆனா பைட்ல பாருங்க, எட்டின் அடிமான எண்ணுல முதல் விதம் 340 256 225 340 257 213, ரெண்டாவது விதம் 340 256 225 340 257 207 340 256 276. "கோவில்"னு ஒரு பேர் முதல் விதத்துல 18 பைட், ரெண்டாவதுல 21 பைட். விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் கீபோர்டுல அடிச்சா பெரும்பாலும் சேர்த்து எழுதின முதல் வடிவம்தான் வரும். மேக்ல பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் என்ன பண்ணும்னா, நீங்க எப்படிக் கொடுத்தாலும் பேரைப் பிரிச்சுதான் டிஸ்க்ல எழுதும். 2017ல வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வச்சுக்கும், ஆனா பழைய டிஸ்க்ல இருந்து அதுக்கு மாறி வந்த பேரெல்லாம் பிரிஞ்ச வடிவத்துலயேதான் இருக்கும். மேக்குக்குள்ள இருக்கற வரைக்கும் ரெண்டையும் ஒண்ணாவே நினைச்சுக்கறதால அங்க யாருக்கும் எதுவும் தெரியறதில்ல, லினக்ஸுக்கு வந்து இறங்கினதும்தான் வெடிக்குது. உங்க உபுண்டுல ஏற்கனவே விண்டோஸ்ல இருந்து வந்த சேர்ந்த வடிவம் இருந்துச்சு, இப்ப மேக்ல இருந்து பிரிஞ்ச வடிவமும் வந்து பக்கத்துல உட்கார்ந்துடுச்சு.

இதை நான் ஊகமா சொல்லிட்டுப் போக விரும்பல, நீங்களே சோதிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. தமிழ்ல இந்த ரெட்டை வடிவம் எல்லா எழுத்துக்கும் கிடையாது, கொ, கோ, கௌ மாதிரி ஒகர ஓகார ஔகார வரிசைக்கும், தனி ஔ எழுத்துக்கும் மட்டும்தான். அதனால உங்க ரெட்டை ஃபைல் ஒவ்வொண்ணுலயும், ஃபைல் பேர்லயோ அது இருக்கற ஃபோல்டர் பேர்லயோ, இந்த வரிசை எழுத்து ஒண்ணாவது இருக்கணும். இருந்தா நான் சொன்ன காரணம் உறுதி. "கல்வெட்டு", "தல வரலாறு" மாதிரி ஒகரமே இல்லாத பேரும் ரெட்டையா வந்திருந்தா அதுக்குக் காரணம் வேற, கடைசில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஏதாவது நடுவுல நுழைஞ்சிருக்கலாம், அந்த ஃபைலைத் தனியா எடுத்துப் பார்க்கணும். டெர்மினல்ல "கோவில்"னு அடிச்சு டேப் தட்டினா ஒண்ணும் வரல, முழுப் பேரையும் அடிச்சாலும் "நோ சச் ஃபைல்"னு சொல்லுதுன்னு எழுதியிருந்தீங்களே, அதுவும் இதே கதைதான். நீங்க அடிக்கறது சேர்ந்த வடிவம், டிஸ்க்ல இருக்கறது பிரிஞ்ச வடிவம். ஃபைண்ட் கமாண்டுல பேர் கொடுத்துத் தேடினாலும் இதே மாதிரி பாதி ஃபைல் கண்ல படாமலே போயிடும், அதனால "தேடிப் பார்த்தேன் இல்ல"ங்கறதை வச்சு எதையும் தொலைஞ்சுபோச்சுன்னு முடிவு பண்ணாதீங்க.

இப்ப ஆர்எம் விஷயம். ரெட்டையா இருக்கறது ரெண்டும் உள்ள ஒரே ஸ்கேன்தானான்னு பேரை வச்சு சொல்லவே முடியாது. ஒண்ணு பழைய ஸ்கேன், இன்னொண்ணு அப்பா பிற்பாடு திருத்தி மறுபடி சேவ் பண்ணினதா இருக்கலாம். அதனால முதல்ல உள்ளடக்கத்தை ஒப்பிடுங்க. அந்த ஃபோல்டர்ல நின்னுக்கிட்டு ஃபைண்ட் . -டைப் எஃப் -எக்ஸெக் எஸ்ஹெச்ஏ256சம் {} + அடிச்சு, வர்றதை அந்த ஃபோல்டருக்கு வெளில ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்குத் திருப்பிடுங்க. அதை சார்ட் பண்ணி யூனிக் -டபிள்யூ 64 -டி போட்டா (யூனிக் க்யூல முடியும், இந்த கடைசி டி 'டெலீட்'டோட டி, பெரிய எழுத்து) உள்ளடக்கம் ஒண்ணா இருக்கறது மட்டும் ஜோடி ஜோடியா வரும், ஏன்னா ஒவ்வொரு ஃபைலோட உள்ளடக்கத்துக்கும் எஸ்ஹெச்ஏ256சம் போடற கையொப்பம் சரியா 64 எழுத்து. ஜோடில வர்றது நிஜமான நகல். பேர் ஒண்ணு போல இருந்தும் இந்தப் பட்டியல்ல வராததை எக்காரணம் கொண்டும் அழிக்காதீங்க, ரெண்டையும் திறந்து பார்த்துட்டுதான் எதுவும்.

சரி, பேரை டைப் பண்ணவே முடியல, எப்படி ஒரு குறிப்பிட்ட ஃபைலை மட்டும் தொடறது? அதுக்கு ஐநோட் நம்பர் இருக்கு. ஊர்ல ஒரே நிலத்தை மேட்டுக்காடும்பாங்க, கிணத்துக்காடும்பாங்க, ஆனா சர்வே நம்பர் ஒண்ணுதான், அந்த மாதிரி. எல்எஸ் -எல்ஐ அடிச்சா ஒவ்வொரு வரி முன்னாடியும் ஒரு நம்பர் வரும். ரெட்டை ஃபைல் ரெண்டுக்கும் நம்பர் வேறவேறயா இருந்தா அது நிஜமாவே ரெண்டு ஃபைல், ஒரே நம்பரா இருந்தா ஒரே ஃபைலுக்கு ரெண்டு பேர். அந்த நம்பரை வச்சு ஃபைண்ட் . -எக்ஸ்டெவ் -ஐநம் நம்பர்னு போட்டு முதல்ல சும்மா காட்டச் சொல்லுங்க, வந்தது நீங்க நினைச்ச ஃபைல்தான்னு பார்த்ததுக்கு அப்புறம் அதே வரியோட கடைசில -எக்ஸெக் எம்வி -என் {} புதுப்பேர் \; சேர்த்துக்கோங்க. எம்விக்கு அந்த -என் ரொம்ப முக்கியம், அந்தப் பேர்ல ஏற்கனவே ஒண்ணு இருந்தா அதுமேல எழுதாம விட்டுடும். -எக்ஸ்டெவ் எதுக்குன்னா ஐநோட் நம்பர் ஒரு ஃபைல் சிஸ்டத்துக்குள்ளதான் தனி, இன்னொரு டிஸ்க்ல அதே நம்பர் வேற ஃபைலுக்கு இருக்கும். ஃபைண்ட்ல -டெலீட் போடறதா இருந்தா அது எப்பவும் கடைசில வரணும், ஃபைண்ட் இடமிருந்து வலமாத்தான் ஒவ்வொண்ணா செய்யும், -டெலீட்டை முன்னாடி போட்டா நிபந்தனையைப் பார்க்கறதுக்குள்ள எல்லாம் போயிடும்.

ஒவ்வொண்ணா பண்ண ஆயிரக்கணக்குல இருக்குன்னா கான்வ்எம்வின்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கு, உபுண்டுல ஏபிடி வழியாவே கிடைக்கும். கான்வ்எம்வி -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி -ஆர் . (இந்த -டி 'டேப்'போட டி) அடிச்சா எந்தெந்தப் பேரை எப்படி மாத்தப் போகுதுன்னு பட்டியல் மட்டும் போடும், எதையும் தொடாது. இந்தப் பட்டியலே உங்களுக்கு பிரிஞ்ச வடிவத்துல எத்தனை இருக்குன்னு காட்டிக் கொடுத்துடும், அதை முழுசா ஒரு தடவை படிங்க. திருப்தியானதும் அதே வரில --நோடெஸ்ட் சேர்த்து ஓட்டுங்க, அப்பதான் நிஜமா மாத்தும். மாத்தின பேர்ல ஏற்கனவே ஒரு ஃபைல் இருந்தா மறுத்துடும், நல்லதுதான். --ரீப்ளேஸ்னு ஒரு ஆப்ஷன் கொடுத்தா ரெண்டுக்கும் உள்ளடக்கம் சமமா இருந்தா மட்டும் மேல எழுதும், உங்க ரெட்டைகளுக்கு சரியான மருந்து அதுதான், ஆனா பேக்கப் இல்லாம அதை ஓட்டாதீங்க.

இது சரி பண்ணாத சில இரட்டைகள் தமிழ்ல உண்டு, அதையும் சொல்லியாகணும். "கௌரி"யை நிறைய பேர் ஔகாரக் குறி போடாம ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் சேர்த்து "கெளரி"ன்னு அடிச்சிருப்பாங்க, பெரும்பாலான எழுத்துருல ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும், ஆனா யூனிகோட் கணக்குப்படி அது வேற சொல். கோவில் சம்பந்தப்பட்ட ஃபைல்னா ஸ்ரீ கண்டிப்பா இருக்கும், அதுவும் அப்படித்தான், ஸகரத்தை வச்சும் எழுதலாம், 2005ல யூனிகோட் 4.1ல சேர்த்த ஶகரத்தை வச்சும் எழுதலாம், திரைல ஒரே ஸ்ரீதான் தெரியும். இதையெல்லாம் எந்த டூலும் தானா ஒண்ணாக்காது, ஆக்கவும் கூடாது, ஏன்னா இது சமம்னு தரம் சொல்லல. சந்தேகம் வந்தா எல்எஸ் போட்டு வர்றதை ஓடிங்கற (ஓ, 'டெலீட்'டோட டி) கமாண்டுக்கு -சி சேர்த்து பைப் பண்ணுங்க, அதாவது நடுவுல செங்குத்துக் கோடு போட்டு அனுப்புங்க, பைட் பைட்டா காட்டும். அது படிக்கக் கஷ்டமா இருந்தா பைத்தான்ல யூனிகோட்டேட்டாங்கற மாட்யூல்ல நேம்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஒவ்வொரு குறியீட்டுக்கும் பேர் சொல்லும், ள-வா ஔகாரக் குறியான்னு அப்ப சந்தேகமே இருக்காது.

அடுத்தது "ஃபைல் நேம் டூ லாங்". இதுல ஊகமே இல்ல, கணக்குதான். உபுண்டுல வழக்கமா இருக்கற ஈஎக்ஸ்டி4ல ஒரு பேருக்கு அதிகபட்சம் 255 பைட். விண்டோஸோட என்டிஎஃப்எஸ்லயும் 255தான், ஆனா அது பைட் இல்ல, 16 பிட் அலகு, ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒரு அலகு போதும். யூடிஎஃப்-8ல அதே குறியீட்டுக்கு 3 பைட். புள்ளியும் தனிக் குறியீடு, உயிர்க்குறியும் தனி, அதனால "தமிழ்"ங்கற மூணு எழுத்து 5 குறியீடு, 15 பைட். ஆங்கிலத்துல பேர் வைக்கறவங்களுக்கு 255 எழுத்து கிடைக்கற இடத்துல நமக்கு 85 குறியீடுதான். உதாரணத்துக்கு "திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டம் கோவில் கல்வெட்டுகள் தொகுப்பு முதல் பகுதி"ன்னு ஒரு பிடிஎஃப் இருந்தா ஸ்பேஸும் கடைசில வர்ற வாலும் சேர்த்து 219 பைட் ஆயிடுது. மேக்ல பிரிஞ்ச வடிவம்னா கோ, தொ ரெண்டுக்கும் மும்மூணு பைட் கூடி 225. இதோட "ஆய்வுக் குறிப்புகளுடன்"னு சேர்த்தா 255ஐத் தாண்டிடும், விண்டோஸ்லயும் மேக்லயும் அது நிம்மதியா இருந்திருக்கும், இங்க வாசல்லயே நிக்கும். பழைய உபுண்டுல ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் பண்ணி வச்சிருந்தீங்கன்னா இன்னும் மோசம், அந்த ஈக்ரிப்ட்எஃப்எஸ்ல பேருக்கு ஏறக்குறைய 143 பைட்தான் மிஞ்சும், அதாவது 47 தமிழ்க் குறியீடு. ஒரு சாதாரண கட்டுரைத் தலைப்பே அதுக்குள்ள அடங்காது.

இதுக்குத் தீர்வு மேக்லயே பேரைச் சுருக்கிட்டு அனுப்பறதுதான். எது எது நீளம்னு தெரிய, மேக்ல எல்சி_ஆல்ங்கற வேரியபிளுக்கு (அது முழுக்கப் பெரிய எழுத்து) சி-ன்னு (இதுவும் பெரிய எழுத்து) மதிப்பு கொடுத்துட்டு, ஃபைண்ட் . கொடுக்கறதை ஆக்ங்கற (ஏ டபிள்யூ கே) கமாண்டுக்கு பைப் பண்ணி, சாய்கோட்டுல பிரிச்சு கடைசித் துண்டோட நீளம் 200க்கு மேல இருக்கறதை மட்டும் காட்டச் சொல்லுங்க, சி லொகேல்ல (லொகேல்னா மொழி, எழுத்து முறை அமைப்பு) நீளத்தை பைட்டாத்தான் எண்ணும். 255 இருக்க ஏன் 200ன்னா, எடிட்டர்களும் பிரவுசர்களும் தற்காலிக ஃபைலுக்கு அதே பேரோட ஒரு வால் ஒட்டும், பேக்கப் டூல் தேதி ஒட்டும், அதுக்கு இடம் விடணும். முழுத் தலைப்பை இழக்க வேண்டியதே இல்ல, பேரை "திருவண்ணாமலை கல்வெட்டு 01" மாதிரி சுருக்கி வச்சுட்டு, முழுத் தலைப்பு, ஆண்டு, யார் கொடுத்தாங்க எல்லாத்தையும் அதே ஃபோல்டர்ல ஒரு சிஎஸ்வி ஃபைல்ல எழுதி வைங்க. பேர் எந்த மெஷின்ல உடைஞ்சாலும் அந்தப் பட்டியல் இருந்தா மீட்டெடுத்துடலாம்.

கேள்விக்குறி விஷயத்துலதான் நீங்க எழுதினதை மட்டும் வச்சு என்னால உறுதியா சொல்ல முடியாது, ஏன்னா அது முழுசா வேற ரெண்டு நோய்க்கு ஒரே அறிகுறி. ஒண்ணு, பேர் நல்லாத்தான் இருக்கு, காட்டற இடத்துல லொகேல் சரியில்ல. எஸ்எஸ்ஹெச் வழியா இன்னொரு மெஷினுக்குள்ள நுழையும்போது உங்க மெஷினோட லொகேல் பேரை சர்வருக்கு அனுப்பும், அந்த லொகேல் சர்வர்ல நிறுவப்படலன்னா சி லொகேல்தான் மிஞ்சும், அதுல தமிழ் பைட் எதுவும் அச்சிடத் தக்கதில்லன்னு எல்எஸ் நினைச்சு கேள்விக்குறியாவோ சாய்வுக்கோடு போட்ட எண்ணாவோ காட்டும். லொகேல்னு கமாண்ட் அடிச்சுப் பாருங்க, கடைசில யூடிஎஃப்-8னு இல்லன்னா லாங்ங்கற வேரியபிளுக்கு (இதுவும் முழுக்கப் பெரிய எழுத்து) சி.யூடிஎஃப்-8னு (எல்லாமே பெரிய எழுத்து) கொடுத்துட்டு மறுபடி எல்எஸ் போடுங்க. தமிழ் வந்துடுச்சுன்னா ஃபைலுக்கு ஒண்ணுமே ஆகல. ரெண்டாவது, நிஜமாவே பேர்ல கேள்விக்குறி எழுத்தே இருக்கு. இதைப் பிரிச்சுக் காட்டறதும் ஓடி -சிதான். 340 256, 340 257ன்னு மாறி மாறி வந்தா தமிழ் உயிரோட இருக்கு, நேரடியா ? ? ?ன்னு வந்தா பேர் ஜிப் பண்ணின இடத்துலயே போயிடுச்சு.

ஏன் போகும்னா, விண்டோஸ்ல ஆங்கிலம், ரஷ்யன், ஜப்பானிய மொழிக்கெல்லாம் யூனிகோட் வர்றதுக்கு முன்னாடியே பழைய கோட் பேஜ் (எந்த எழுத்துக்கு எந்த பைட்ங்கற அட்டவணை) உண்டு, தமிழுக்கு அப்படி ஒண்ணு வரவே இல்ல, விண்டோஸ் 2000ல நேரடியா யூனிகோட்லதான் தமிழ் நுழைஞ்சுது. அதனால யூனிகோட் தெரியாத பழைய ஜிப் ப்ரோக்ராம்கிட்ட தமிழ்ப் பேரைக் கொடுத்தா அதுக்கு மாத்தி எழுத இடமே இல்லாம ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறியோ அடிக்கோடோ போட்டுடும். அப்படிப் போன பேரை எந்த வித்தையாலயும் திரும்பக் கொண்டு வர முடியாது, பிடிஎஃப்பைத் திறந்து பார்த்துதான் பேர் வைக்கணும், இல்ல அந்த சொந்தக்காரர்கிட்டயே 7ஜிப் மாதிரி புது ப்ரோக்ராம்ல மறுபடி கட்டி அனுப்பச் சொல்லணும், உள்ள இருக்கற ஸ்கேனுக்கு எந்த சேதமும் இருக்காது. இங்க ஒரு ஆபத்து இருக்கு, தயவுசெஞ்சு கவனிங்க. ஷெல்லுக்கு, அதாவது டெர்மினல்ல கமாண்டை வாங்கி ஓட்டற ப்ரோக்ராமுக்கு, கேள்விக்குறின்னா "ஏதோ ஒரு எழுத்து"ன்னு அர்த்தம். திரைல தெரியறதைப் பார்த்து ஆர்எம் அடிச்சு அஞ்சு கேள்விக்குறி போட்டீங்கன்னா, அந்த ஃபோல்டர்ல அஞ்சு குறியீட்டு நீளத்துல பேர் இருக்கற எல்லா ஃபைலும் அதுக்குள்ள மாட்டும், "தமிழ்"னு பேர் வச்ச நல்ல ஃபைலும் சேர்த்து. மேற்கோளுக்குள்ள போடுங்க, இல்ல முன்னாடி சொன்ன ஐநோட் வழியா போங்க.

இதுக்கு நடுவுல மூணாவது ரகம் ஒண்ணு இருக்கு, மேல கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், இதுவே திரும்பத் திரும்ப வரும், தமிழ் இணையத்துல புழங்கின யாரும் இதைப் பார்க்காம இருந்திருக்க மாட்டாங்க. இது யூடிஎஃப்-8 பைட்டை விண்டோஸ் 1252 கோட் பேஜா தப்பாப் படிச்சு, அப்படியே மறுபடி யூனிகோடா மாத்தி எழுதினது. கேள்விக்குறி மாதிரி இல்லாம இதைப் பெரும்பாலும் திருப்பிடலாம், கான்வ்எம்விலயே -எஃப் யூடிஎஃப்8 -டி சிபி1252 கொடுத்து சோதனை ஓட்டம் பாருங்க. பெரும்பாலும்னு ஏன் சொல்றேன்னா, நம்ம புள்ளியோட கடைசி பைட் எட்டின் அடிமானத்துல 215, அந்த 215க்கு 1252ல எழுத்தே ஒதுக்கல, தனி ஏ, தனி ஐ எழுத்துகளுக்கு வர்ற 217, 220க்கும் அப்படித்தான். இடையில இருந்த ப்ரோக்ராம் அதை அப்படியே கடத்தியிருந்தா பேர் முழுசா மீளும், தூக்கிப் போட்டிருந்தா புள்ளியெல்லாம் உதிர்ந்து போன பேர்தான் கிடைக்கும், உங்க ஃபைல்ல எப்படின்னு ஓட்டிப் பார்த்தாதான் தெரியும். பழைய டாஸ் கோட் பேஜான 437 வழியா கெட்டிருந்தா கவலையில்ல, அதுல 256 இடமும் நிரம்பியிருக்கு, எதுவும் உதிராது. ஜிப் கையில இருந்தா இன்னும் சுலபம், உபுண்டுல வர்ற அன்ஜிப்ல பெரிய ஓ போட்டு யூடிஎஃப்-8னு கொடுத்துப் பிரிச்சுப் பாருங்க.

உங்க அப்பா 2000க்கு முன்னாடி இருந்து கம்ப்யூட்டர்ல வேலை பார்த்தவர்னு எழுதியிருக்கறதால இதையும் சொல்லி வைக்கறேன். பாமினி மாதிரி எழுத்துரு காலத்துல வச்ச பேர் இருந்தா அது தமிழாவே தெரியாது, ஆங்கில எழுத்துக் குவியலா இருக்கும். பாமினில "தமிழ்"னு அடிச்சா ஜே கே பி ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி, அந்த அரைப்புள்ளிதான் நம்ம புள்ளி. ஷெல்லுக்கோ அரைப்புள்ளின்னா இந்தக் கமாண்ட் முடிஞ்சது, அடுத்தது ஆரம்பம்னு அர்த்தம். அதனால குப்பைன்னு நினைச்சு அழிக்கறதுக்கு முன்னாடி பாமினி மாற்றி ஒண்ணுல போட்டுப் பாருங்க, கையாளும்போது எப்பவும் ஒற்றை மேற்கோளுக்குள்ள வைங்க.

இனிமே மேக்ல இருந்து அனுப்பும்போது மேக்ல இருந்தே ஆர்சிங்க் ஓட்டி --ஐகான்வ்=யூடிஎஃப்-8-மேக்,யூடிஎஃப்-8 கொடுத்துடுங்க, வழிலயே சேர்ந்த வடிவத்துக்கு மாத்திடும். மேக்கோட கூடவே பல வருஷமா வந்த ஆர்சிங்க் 2.6.9ல இந்த ஆப்ஷன் கிடையாது, 3.0லதான் வந்துச்சு, மேக்குக்கு ப்ரோக்ராம் நிறுவித் தர்ற ஹோம்ப்ரூல இருந்து புதுசு போட்டுக்கோங்க. இது இல்லாம --டெலீட் சேர்த்து ஓட்டினீங்கன்னா உபுண்டுல இருக்கற சேர்ந்த வடிவத்தை "அந்தப் பக்கம் இல்லாத ஃபைல்"னு நினைச்சு அழிச்சுட்டு முழுசா மறுபடி அனுப்பும், அழிச்சதுல அந்தப் பக்கம் இல்லாத திருத்தின ஸ்கேன் இருந்தா அது போயே போச்சு. புதுசா ஜெட்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டம் போடற யோசனை இருந்தா டேட்டாசெட் உருவாக்கும்போதே நார்மலைசேஷனுக்கு ஃபார்ம்சின்னு கொடுத்துடலாம், அப்புறம் ரெண்டு வடிவத்தையும் ஒண்ணாவே பார்க்கும், ஆனா பிற்பாடு அதை மாத்த முடியாது.

ஆங்கிலத்துக்கு மாத்தறதைப் பத்தி. சர்வர்க்காரங்க நிறைய பேர் அதைத்தான் சொல்வாங்க, ப்ரோக்ராம் ஃபைல், கான்ஃபிக் ஃபைல்னா நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா இது உங்க அப்பாவோட சேகரிப்பு. "திருவொற்றியூர்"ங்கறதை ஆங்கிலத்துல உங்க வீட்லயே மூணு பேர் மூணு விதமா எழுதுவீங்க, ர-வும் ற-வும் ஒண்ணாப் போயிடும், ல ள ழ வித்தியாசம் காணாமப் போயிடும், அப்புறம் எதையும் தேடி எடுக்க முடியாது, திரும்பத் தமிழுக்கு மாத்தவும் முடியாது. ஈஎக்ஸ்டி4ம் சரி, இன்னிக்கு இருக்கற டூல்களும் சரி, தமிழ்ப் பேரைத் தாராளமா தாங்கும், சேர்ந்த வடிவம், 200 பைட்டுக்குள்ள, கூட ஒரு பட்டியல், அவ்வளவு பார்த்துக்கிட்டா போதும். டெர்மினல்ல கொம்பும் காலும் இடம் மாறித் தெரியுதேன்னு பயப்படாதீங்க, அது டெர்மினல் எழுத்தை வரையற குறை, ஃபைல் பேர்ல ஒண்ணும் ஆகியிருக்காது, அதே ஃபோல்டரை ஃபைல் மேனேஜர்ல திறந்தா ஒழுங்காத்தான் இருக்கும்.

இப்போதைக்கு மேக்ல இருக்கறதைத் தொடாதீங்க, உபுண்டுல இருக்கறதை வேற டிஸ்க்குக்கு சிபி -ஏ போட்டு ஒரு நகல் எடுத்து வச்சுட்டு வேலையை ஆரம்பிங்க. கேள்விக்குறி ஃபோல்டர்ல எல்எஸ் போட்டு ஓடி -சிக்கு அனுப்பினா வர்றதுல முதல் பத்து வரியையும், லொகேல் கமாண்டோட பதிலையும் இங்க போடுங்க, ரெண்டு நோய்ல எதுன்னு பார்த்து சொல்றேன். கான்வ்எம்வியோட சோதனைப் பட்டியல்ல ஏதாவது பேர் விநோதமா இருந்தா அதையும் சேர்த்துப் போடுங்க, --நோடெஸ்ட் அதுக்கு அப்புறம் அடிச்சா போதும்.